மஞ்சள் கடுதாசி கொடுத்தவளும் சலவைக்கூடத்துச் சாவியும்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் புதுத் தலைமை ஆள் வேண்டும் என்றதும் அங்கே வேலை பார்த்த பெண்கள் முன்னே பின்னே யோசிக்கவில்லை. "நீராவி அக்கா இருக்க வேற யாரு?" என்று சொல்லிவிட்டு அவரவர் துணியைப் பார்க்கப் போய்விட்டார்கள். தலைமை நர்ஸும் அதையேதான் சொன்னார். ரத்தக்கறை பட்ட விரிப்பை முதலில் பச்சைத்தண்ணீரில்தான் அலச வேண்டும், வெந்நீரில் போட்டால் கறை ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அடித்துச் சொல்கிறவள் அவள்தான்.

தினக்கூலிக்கு வந்தவள். இப்போது நிரந்தர வேலை கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது. அந்த நேரம் பார்த்துக் கணக்கு அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். உட்காரச் சொன்னார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். பிறகுதான் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"நீங்க மஞ்சள் கடுதாசி குடுத்தவங்களாமே?"

"ஆமாங்க. ஊருக்கே தெரியுமே. நான் என்ன முந்தானையில முடிஞ்சா வச்சிருக்கேன்?"

ஊருக்குத் தெரிந்த கதைதான். சொந்தமாக நீராவிச் சலவைக்கடை வைத்திருந்தவள் அவள். பெயரும் அதனால் வந்ததே. கோபம் வந்தால் உஸ்ஸென்று கிளம்பும் குணமும் அந்தப் பெயருக்குத் தோதாக இருந்தது. பெரிய ஓட்டல் ஒன்றின் துணியெல்லாம் அவளிடம் வந்தது. அதை நம்பிக் கடன் வாங்கிப் பெரிய இயந்திரம் போட்டாள். ஓட்டல் முதலாளி இன்று தருகிறேன் நாளை தருகிறேன் என்று இழுத்தடித்து, ஒருநாள் ஓட்டலை மச்சான் பெயருக்கு மாற்றிவிட்டுக் கையை விரித்தார். இயந்திரத்தை வங்கி தூக்கிக்கொண்டு போனது. சோப்புத்தூள் வியாபாரிக்கும் பாய்லர் மெக்கானிக்குக்கும் கொடுக்க வேண்டியது அப்படியே நின்றது. "ராவோட ராவா கிளம்பிடு" என்றார்கள் சொந்தக்காரர்கள். "எதுக்குக் கிளம்பணும்? நான் யார் வீட்டுச் சுவரை ஏறிக் குதிச்சேன்?" என்று கோர்ட்டுக்குப் போய், என்னிடம் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தவள். அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது தலையில் துண்டு போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

"மறைச்சீங்கன்னு நான் சொல்லலம்மா" என்றார் அதிகாரி. "திவாலானவங்களுக்குப் பொறுப்புள்ள பதவி குடுக்கக் கூடாதுன்னு விதி. தினக்கூலின்னா தடையில்ல. தலைமை ஆளுன்னா ஸ்டோர் சாவி கைக்கு வந்துடும் பாருங்க."

"இத்தனை வருஷம் ஆஸ்பத்திரித் துணியெல்லாம் என் கையிலதானே இருந்துச்சு? தூக்கிட்டா ஓடிட்டேன்?"

"அழுக்குத்துணியை யாரும்மா தூக்கிட்டு ஓடுவாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"இந்த விதியை எந்த மகராசன் போட்டது?"

"காரணம் இல்லாம போடலம்மா. முன்னாடி ஸ்டோர்ல ஒருத்தர் இருந்தாரு. பேச்சு தேன் மாதிரி இருக்கும். கழுத்து வரைக்கும் கடன். ஒரு குளிர்காலத்துல அலமாரியைத் திறந்தா போர்வையில பாதியைக் காணோம். நோயாளிங்கல்லாம் நடுங்கிட்டுக் கிடந்தாங்க."

அதைக் கேட்டதும் அவள் உச்சுக்கொட்டினாள். நோயாளி நடுங்கினான் என்றால் அது சின்ன விஷயமில்லை. பிறகு கேட்டாள்:

"அவரு மஞ்சள் கடுதாசி குடுத்திருந்தாரா?"

"இல்ல. கடனை யாருக்கும் தெரியாம மூடி வச்சிருந்தாரு."

"அப்போ மூடி வச்சவரு கையில சாவி இருந்துச்சு. திறந்து சொன்னவளுக்குச் சாவி இல்ல. நல்லா இருக்குங்க உங்க விதி! என்னைக் கவுத்த ஓட்டல்காரர் இந்த ஆஸ்பத்திரி ஆலோசனைக் குழுவில உக்காந்து பிஸ்கட் சாப்பிடறாரே, அவரை என்ன செய்வீங்க?"

"அவர் மேல தீர்ப்பு எதுவும் இல்லையேம்மா" என்றார் அதிகாரி. சொல்லும்போது அவருக்கே அது ஒப்பவில்லை போலிருந்தது. மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "ஒரு வழி இருக்கு. கோர்ட் உங்களைத் திவாலிலேர்ந்து விடுவிச்சுட்டா விதி உங்களைத் தொடாது. கடன் குடுத்தவங்க ஆட்சேபம் இல்லைன்னு வந்து சொன்னா சீக்கிரமா முடிஞ்சுடும். அதுவரைக்கும் இந்த இடத்துக்கு ஆள் போடாம நான் பார்த்துக்கறேன். தலைமை நர்ஸ் வேற என்னைத் தூங்கவிட மாட்டேங்கறாங்க."

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் முன்னறையில் மேஜை போட்டு அக்கம்பக்கத்துக்கு இஸ்திரி போடுகிறவர். பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, "போய்க் கேளேன்" என்றார்.

"நானா? அவங்க வாசல்ல போய் நிக்கவா?"

"வாராவாரம் நின்னுட்டுத்தானே இருக்கே?"

அதுவும் உண்மைதான். கடனைக் கேட்டு அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. மனசு சொல்லவில்லையே. காசு இல்லை, கை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர்கள் வீட்டு அழுக்கை வாங்கிவந்து துவைத்துக் கொடுத்தாள். அதிலும் ஒரு நியாயம் வைத்திருந்தாள்: கடன் எவ்வளவோ அந்த அளவுக்குத் துணி. சோப்புத்தூள்காரருக்கு நிறையக் கொடுக்க வேண்டும், அதனால் வீட்டுத்துணி மொத்தமும். மெக்கானிக் கல்யாணம் ஆகாதவன். அவன் வைத்திருந்த சட்டைகளை எல்லாம் துவைத்தாலும் அவன் பங்குக்குப் போதவில்லை. ஆகவே திரைச்சீலையை இறக்கினாள், தலையணை உறையை உருவினாள், கடைசியில் அவன் ஸ்கூட்டர் இருக்கை உறையையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

மெக்கானிக்கிடம் முதலில் போனாள். விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, அவன் கும்பிடு போட்டான்.

"அக்கா, நான் எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் வரேன். அந்த சீட்டு உறையை மட்டும் குடுத்துடுங்க. வெயில்ல உக்காந்தா சுடுது."

ஒரு பாரம் இறங்கியது. சோப்புத்தூள்காரர் விஷயம் அப்படி இல்லை. போகும்போதெல்லாம் கடையில் இல்லை என்றார்கள். ஒருமுறை அவர் சரக்கு மூட்டைக்குப் பின்னால் குனிவதை அவளே பார்த்தாள். இவர் ஆட்சேபம் சொன்னால் கோர்ட் தள்ளிப்போடும். அதற்குள் ஆஸ்பத்திரி வேறு ஆளைப் போட்டுவிடும். இந்த வயதில் மறுபடி எங்கே போய் நிற்பது? மனிதருக்கு உள்ளுக்குள் இவ்வளவு ஆத்திரமா என்று நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துவைத்த மூட்டையோடு அவர் வீட்டுக்கே போனாள். ஓடி ஒளிய இடமில்லாமல் மனிதர் கூடத்தில் மாட்டிக்கொண்டார்.

"அண்ணே, நேராக் கேக்கறேன். நான் வேலைக்குப் போகக் கூடாதுன்னு நினைக்கறீங்களா?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லம்மா..."

"அப்புறம் எதுக்கு மூட்டைக்குப் பின்னால ஒளியறீங்க? நான் என்ன வசூலுக்கா வரேன்? வசூலுக்கு வரவேண்டியவர் நீங்க!"

உள்ளே இருந்து அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "கேளுங்க அக்கா, நல்லாக் கேளுங்க. ஒரு வாரமா இந்த மனுஷன் முகமே சரியில்ல."

சோப்புத்தூள்காரர் நெளிந்தார். காலரைத் தடவினார். அது தும்பைப்பூ மாதிரி வெளுத்திருந்தது.

"சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் சோப்புத்தூள் விக்கறேன். என் சட்டை இந்த மாதிரி வெளுத்ததே இல்ல. கடைக்கு வரவங்க எல்லாம் 'எந்தத் தூளுங்க இது'ன்னு என் சட்டையைக் காட்டித்தான் கேட்டு வாங்கறாங்க. நீங்க விடுதலையாயிட்டா ஞாயித்துக்கிழமை மூட்டைக்கு நான் எங்க போவேன்?"

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப் பாவமே! ஒரு சட்டைக்காக அவங்க பொழப்புல மண்ணைப் போடப் பார்த்தீங்களா? இனிமே நீங்களே துவைங்க. நாலு நாள் துவைச்சா உங்க தூளோட லட்சணம் உங்களுக்கே தெரியும்."

நீராவிக்குக் கோபம் உஸ்ஸென்று கிளம்பத்தான் செய்தது. ஆனால் அதற்குமுன் சிரிப்பு முந்திக்கொண்டது. ஆத்திரம் என்று நினைத்துப் பயந்தோமே, சட்டைதானா! சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"அண்ணே, வேலை கிடைச்சா சம்பளத்துல மாசாமாசம் உங்க பணத்தைக் கட்டறேன். மூட்டையை என் வீட்டுக்காரர்கிட்ட குடுங்க. ஆனா ஓசி கிடையாது. கூலி உண்டு."

"கூலியா?"

"பின்னே? நீங்க ஓசியில வாங்கினா நாளைக்கு உங்களுக்கும் அந்த ஓட்டல்காரர் புத்தி வந்துடும்" என்றார் மனைவி.

கோர்ட்டில் அதிக நேரம் ஆகவில்லை. நீதிபதி ஒரு பெண்மணி, கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர். மெக்கானிக் ஆட்சேபம் இல்லை என்றான். சோப்புத்தூள்காரர் அன்றைக்கென்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, "எனக்கும் இல்லைங்க" என்றார், சற்று சோகமாக. இதுவரை ஏதாவது கொடுத்தீர்களா என்று நீதிபதி கேட்டபோது, துணி துவைத்த கதையை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள், ஸ்கூட்டர் உறை உட்பட. நீதிபதி வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"இதையெல்லாம் கோர்ட்டுக்குச் சொல்லிட்டுத்தான் செய்யணும்மா. ஒருத்தருக்கு மட்டும் செஞ்சிருந்தா வம்பாயிருக்கும். அளவா பிரிச்சு செஞ்சதால போகட்டும்."

சம்பளத்தில் ஒரு பங்கைக் கடன்காரர்களுக்குக் கட்டிவர வேண்டும் என்று சொல்லி, அவளை விடுவித்துவிட்டார். அவள் கும்பிட்டுவிட்டு நகராமல் நின்றாள்.

"இன்னும் என்னம்மா?"

"ஒண்ணு கேக்கணுங்க. வேலை குடுக்காதேன்னு விதி போட்டா, கடனை எதை வச்சுக் கட்டறது?"

"அதை விதி போட்டவங்ககிட்ட கேக்கணும். நானும் கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றார் நீதிபதி.

மறுவாரம் கணக்கு அதிகாரி சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது, "போர்வையை மாசம் ஒருதடவை நான் வந்து எண்ணுவேன். அது உங்களுக்காக இல்ல, யார் இருந்தாலும்தான்" என்றார்.

"தாராளமா எண்ணுங்க. மூடி வைக்கறவங்களையும் அப்படியே எண்ணிப் பாருங்க" என்றாள் அவள். அவர் தலையை ஆட்டினார்.

சாயங்காலம் புருஷன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து அவளைப் பஸ்ஸில் ஏற்றினார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள், "அப்பாடா" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அடுத்த நிமிஷம் தலை அவர் தோளில் சாய்ந்துவிட்டது. கடை மூடியதிலிருந்து அவள் அப்படித் தூங்கி அவர் பார்த்ததில்லை. அவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது. கண்டக்டர் பார்த்துவிட்டு, "எழுப்பலாமா?" என்று சைகையில் கேட்டார்.

"வேணாம்" என்றார் அவர் மெல்ல. "கடைசி ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் குடுங்க. திரும்பி வரதுக்கும் சேர்த்து."