மாதக் கணக்குப் பார்த்த மாமியார்

என்னோடு முழங்கால் போடுகிற சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது. ஆனாலும் மறைத்தால் ஆண்டவருக்குத் துரோகம்.

நான் அறந்தாங்கிப் பக்கம். மகனுக்குத் துபாயில் வேலை. போன வருஷம் ஆடிக் கடைசியில் லீவில் வந்தவன், ஆவணி முடிவதற்குள் திரும்பிவிட்டான். மருமகள் எஸ்தர் உண்டானாள்.

கார்த்திகை பிறந்தபோது கணக்குப்படி மூன்று மாதம். வயிறோ ஐந்து மாத வயிறு. விரல்விட்டு எண்ணினேன். ஆனியில் என் மகன் ஊரிலேயே இல்லை. அதோடு என் மனசு கெட்டது. அவள் ஓயாமல் வாந்தி எடுத்தபோதும் தலையைப் பிடித்துவிட நான் போகவில்லை.

அவளிடம் கேட்கத் தைரியமில்லை. பெண்கள் கூட்டத்தில் ஜெபக்குறிப்பாகச் சொன்னேன்: "எங்க வீட்டுல ஒரு மறைவான காரியம் இருக்கு. ஆண்டவர் வெளிச்சத்துக்குக் கொண்டாரணும்னு ஜெபிச்சுக்கங்க." எல்லோருக்கும் புரிந்தது. புரிய வேண்டும் என்றுதான் சொன்னேன்.

மறுவாரம் எஸ்தருக்கு உதிரம் பட்டது. "நீங்கதான் அத்தை கூட வரணும்" என்று என்னையே புதுக்கோட்டைக்கு அழைத்துப்போனாள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"ரெட்டைக் கருங்கம்மா. ஒண்ணு நல்ல பிள்ளை, மூணு மாசம். இன்னொண்ணு பிள்ளையாகாம திராட்சைக் கொத்து மாதிரி வளருது. அதான் வயிறு இம்புட்டுப் பெருசு. தாய் உசுருக்கே ஆபத்து வரலாம்."

கேட்ட ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. மறைவாக இருந்தது என் மனசின் அழுக்குதான்.

கலைத்துவிடலாம் என்றும் டாக்டர் சொன்னார். எல்லா ஆபத்தையும் கேட்டுவிட்டு, சுமக்கிறேன் என்றாள் எஸ்தர். நான் ஆஸ்பத்திரித் தரையில் விழுந்தேன். "பழி சொன்ன வாயால கேக்குறேன் ஆண்டவரே, ரெண்டு உசுரையும் தாங்க" என்று அழுதேன். வெள்ளிக்கிழமை அதே பெண்கள் முன்னால் எல்லாவற்றையும் அறிக்கையிட்டேன். தலை நிமிர முடியவில்லை. அவர்கள் எங்களுக்காக உபவாசமிருந்தார்கள்.

பிரஷர் ஏறியது. இரண்டு முறை உதிரம் கொட்டியது. பங்குனியில், எட்டாம் மாதத்தில், ஆபரேஷன் செய்து பேத்தியையும் அந்தக் கொத்தையும் எடுத்தார்கள். அந்தக் கொத்து மறுபடி வளர்கிறதா என்று எஸ்தருக்கு மாதக்கணக்கில் ரத்தம் சோதித்தார்கள். இப்போது ஒரு குறையும் இல்லை. ஸ்தோத்திரம்.

ஒரு நாள் பேத்தியைக் குளிப்பாட்டிவிட்டு எஸ்தர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அப்பவே தெரியும் அத்தை. கூட்டத்துல இருந்து வந்து சொன்னாங்க. வெளிச்சத்துக்குக் கொண்டாங்க ஆண்டவரேன்னு நானும் அதையேதான் ஜெபிச்சேன்" என்றாள்.

அவர் கேட்டது யாருடைய ஜெபத்தை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

சகோதரிகளே, செய்யாத தப்புக்குப் பழி சுமக்கிறவர்கள் யாராவது இருந்தால், எஸ்தரைப் போல அவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்பார். என்னைப் போலப் பழி சொன்னவர்களும் தைரியமாக வாருங்கள். எனக்கே அவர் சமூகத்தில் இடம் கொடுத்திருக்கிறார்.