அனுமதி என்று அழுத்தியது நான்தான்

1. சிவப்புப் பெட்டி

ஆன்டிவைரஸ் திரையில் ஒரு சிவப்புப் பெட்டியைக் காட்டியது. இந்த புரோகிராம் உங்களைக் கண்காணிக்கக்கூடியது, வேண்டுமா என்று கேட்டது. கீழே நீக்கு, அனுமதி என்று இரண்டு பொத்தான்கள். நான் அனுமதியை அழுத்தினேன். மறுபடி கேட்காதபடி விலக்குப் பட்டியலிலும் சேர்த்தேன்.

நெய்வேலி டவுன்ஷிப் மெயின் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அப்போது எனக்கு மூன்றாவது வருடம். வடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன்; அங்கே என் அத்தா, அதாவது அப்பா, ஒரு கடை வைத்திருக்கிறார். கடையில் சர்வீஸுக்கு நான் ஒருத்திதான் பெண். ஆண்கள் ஷிஃப்டுக்குப் போனபின் குவார்ட்டர்ஸில் பெண்கள் மட்டும் இருப்பார்கள் என்பதால், வீட்டுக்குப் போகும் வேலை பெரும்பாலும் எனக்கே வரும்.

புது கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள்: "வீட்டுக்கு என்னென்ன சாஃப்ட்வேர் முக்கியமோ எல்லாத்தையும் போட்டுக் குடுத்துடுங்க." எங்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. பிரௌசர், இலவச ஆபீஸ் தொகுப்பு, பிடிஎஃப் ரீடர், வீடியோ ப்ளேயர், தமிழ் டைப்பிங், ஆன்டிவைரஸ், பேக்கப். யார் வந்தாலும் இதேதான். யாருக்காக என்று கேட்டதில்லை.

அன்று வந்தவர் சுரங்கத்தில் சூப்பர்வைசர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, சார் என்றே சொல்கிறேன். இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான பேச்சு. பட்டியலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார்.

"இதுல ஒண்ணு இருக்கும்மா. இதையும் போட்டுடு. பொண்ணு படிக்கிறா. நெட்ல கண்டதையும் பார்த்துடக் கூடாதுல்ல."

போட்டுப் பார்த்தேன். கீபோர்டில் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும், திரையின் படங்களும், கேமராவின் மைக்கில் விழும் பேச்சும் அவருடைய மொபைலுக்குப் போகும். டெஸ்க்டாப்பில் ஐகான் இருக்காது. மெனுவிலும் பெயர் வராது.

கடை முதலாளி ராசு அண்ணன் பண்ருட்டிக்காரர். நான் தயங்கியதைப் பார்த்து, "என்னா யோசிச்சிகினு இருக்கற? அவரு வூட்டு கம்ப்யூட்டரு, அவரு பொண்ணு. போட்டுக் குடு," என்றார்.

போட்டுக் கொடுத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அது துளிகூடத் தெரியாமல் ஓடுவதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. சாரும், "நீட்டா பண்ணிட்டியே," என்று பாராட்டினார்.

2. தூசி

மூன்று மாதம் கழித்து அந்த வீட்டிலிருந்து கம்ப்ளெயின்ட் வந்தது. கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ. காலை பத்தரை மணிக்குப் போனேன். கதவைத் திறந்தவர் சாரின் மனைவி. கஸ்தூரி அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் அதுவல்ல. நாற்பது வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று கேட்டேன்: "பாப்பா ஸ்கூலுக்குப் போயிருக்காளாக்கா?"

"அவ இங்க எங்க இருக்கா? ரெண்டு வருசமா திருச்சியில ஹாஸ்டல்ல படிக்கா. லீவுக்குத்தான் வருவா."

என் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

"அப்ப இதுல யாருக்கா உட்கார்றது?"

"நான்தான். எங்கிட்ட பட்டன் போன்தான் இருக்கு. பொண்ணுகிட்ட வீடியோல பேசணும், எங்க அக்காவுக்கு மெயில் போடணும்னு கேட்டேன். உடனே வாங்கிக் குடுத்துட்டாரு."

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். நான் போட்ட அந்த புரோகிராம்தான் மெமரியைத் தின்றுகொண்டிருந்தது. அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்று, தனக்குத்தானே பேசுவதுபோல ஆரம்பித்தார்.

"இப்பல்லாம் எனக்கு என்னமோ ஆயிட்டும்மா. சாப்பிடறப்ப, நான் எங்க அக்காவுக்கு எழுதின வரிய அவரு அப்படியே சொல்றாரு. கோவமா சொன்னாக்கூட தேவல. சிரிச்சிக்கிட்டே சொல்றாரு. கேட்டா, உன் மனசு எனக்குத் தெரியாதாங்காரு. நினைக்கவே பயமா இருக்கு. மனநல டாக்டர்ட்ட போகணுமோ என்னவோ."

நான் வாயைத் திறந்தேன். மானிட்டரின் மேல் கேமராவில் ஒரு சிறிய பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைக் ஆப்ஷனில் டிக் போட்டவள் நான். அந்த அறையில் நான் எதைச் சொன்னாலும் அவர் காதுக்குப் போகும்.

"தூசி அடைச்சிகினு இருக்குதுக்கா," என்று சத்தமாகச் சொன்னேன். "சிபியுவ வெளிய எடுத்துட்டுப் போயி ஊதணும்."

நெய்வேலியில் இதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கரித்தூசி எல்லார் வீட்டு சிபியுவிலும் இருக்கும். மெஷினை ஆஃப் செய்து, வயர்களைக் கழற்றி, பின்கட்டுக்குத் தூக்கிப் போனேன். துவைக்கிற கல்லின் மேல் வைத்தேன். அக்கா பின்னாலேயே வந்தார்.

வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோது என் மொபைல் அடித்தது. சார்.

"என்னம்மா, வீட்டுலதான் இருக்கியா? திடீர்னு ஆஃப் ஆயிடுச்சே?"

ஆஃப் செய்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ப்ளோயரை ஆன் செய்து அந்தச் சத்தத்தில் பேசினேன். "டஸ்ட் ஊதறேன் சார். பத்து நிமிஷத்துல போட்டுடறேன்."

"சரி சரி. நான் குடுத்ததுல மட்டும் கை வைக்காத. என்ன?"

"சரிங்க சார்."

போனை வைத்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ப்ளோயரை நிறுத்தாமல், அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அழவில்லை. துணி துவைக்கிற கல்லின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அக்காவுக்கு எழுதினது எல்லாமுமா?"

"எல்லாமுங்கக்கா."

"பாஸ்வேர்டு?"

"அதுவும்."

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல," என்றார். பிறகு கேட்டார்: "இத யாரு போட்டது?"

"நான்தாங்கக்கா. பொண்ணுக்குன்னு சொன்னாரு. நான் விசாரிக்கல."

என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். எடுத்துவிடட்டுமா என்று நானே கேட்டேன்.

"எடுக்காத," என்றார் உடனே. "எடுத்தா, எனக்குத் தெரிஞ்சி போச்சுன்னு அவருக்குத் தெரியும். அதுக்கப்புறம் என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியாது. நீ முன்ன இருந்த மாதிரியே மாட்டிட்டுப் போ."

திரும்பக் கொண்டுபோய் மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. என் தொழிலில் இதைவிடக் கேவலமான வேலையை நான் செய்ததில்லை.

3. கடையின் பின்பக்கம்

அடுத்த செவ்வாய்க்கிழமை, காய்கறிப் பையோடு கஸ்தூரி அக்கா கடைக்கு வந்தார். "இங்க ஒரு கம்ப்யூட்டர்ல அரைமணி நேரம் உட்காரலாமா?" என்று கேட்டார். கடையின் பின்பக்கம், காலி மானிட்டர் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் சர்வீஸ் பெஞ்ச் இருந்தது. அங்கே உட்காரவைத்தேன். புது மெயில் முகவரி, புது பாஸ்வேர்டு. எங்கும் எழுதிவைக்க வேண்டாம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கணக்கில் பட்டம் வாங்கி, கல்யாணத்துக்கு முன் ஒரு பள்ளியில் பாடம் எடுத்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வேலைக்கு விண்ணப்பம் எழுதினார்.

"வீட்டுல அதுல என்ன பண்றீங்க?" என்று கேட்டேன்.

"சமையல் குறிப்பு அடிக்கேன். சொதிக்கு எத்தன தேங்காய், அவியலுக்கு என்னென்ன காய். அவரு படிக்கட்டும்."

ராசு அண்ணனிடம் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கோபம்.

"யார் வூட்டு சண்டையோ நம்ம கடைக்குள்ள ஏன் இஸ்துகினு வர்ற? அந்த ஆளு நாலு பேருகிட்ட சொன்னா நம்ம பொழப்பு என்னா ஆவறது?"

"நாமதாண்ணே போட்டுக் குடுத்தோம்," என்றேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அதன்பின் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அக்கா வந்து பின்பக்கம் உட்காருவார். வாசலில் பைக் சத்தம் கேட்டாலே நிமிர்ந்து பார்ப்பேன். நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, அந்த பைக் வந்தேவிட்டது. சார் உள்ளே வந்து கவுண்ட்டரில் கையை ஊன்றினார். பின்பக்கம் அக்காவின் கீபோர்டு சத்தம் சட்டென்று நின்றது.

"பிரிண்டருக்கு இங்க் வேணும்," என்றார்.

ராசு அண்ணன் எழுந்தார். பின்பக்கம் போகும் வழியை மறித்தமாதிரி நின்றுகொண்டு, "ஸ்டாக் மேல இருக்குது சார், எடுக்கறேன்," என்று ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, மாடலைச் சத்தமாகப் படித்தார். சார் அவசரப்படவில்லை. என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"நீ போட்டுக் குடுத்தது சூப்பரா வேலை செய்யுதும்மா. இப்பல்லாம் வெறும் சமையல் குறிப்புதான் ஓடுது. ஆளே மாறிட்டா."

எங்களுக்கு நடுவில் ஆறேழு அட்டைப் பெட்டிகள்தான். அதற்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. "நல்லதுங்க சார்," என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் அக்கா வெளியே வந்தார். முந்தானையின் நுனியை வாயில் திணித்திருந்தார். அதை எடுக்கவும் மறந்திருந்தார். ராசு அண்ணன் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, "உக்காரும்மா, தண்ணி குடி," என்றார். அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் யார் வீட்டுச் சண்டை என்று சொல்லவில்லை.

4. கேள்வி

ஜூன் மாதம் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்தது. ஊரைச் சொல்லக்கூடாது. சார் செகண்ட் ஷிஃப்டில் இருந்த ஒரு நாள், அக்கா ஒரே ஒரு பையோடு பஸ் ஏறினார். பஜாருக்குப் போகிறவர்போலவே வீட்டைப் பூட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார். பஸ் நிலையத்தில் என் கையைப் பிடித்தார். நன்றி என்று சொல்லவில்லை. "உன்கிட்ட கேட்க வருவாரு. பொய் சொல்லி மாட்டிக்காத," என்றார்.

மறுநாள் கடை திறந்ததும் சார் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நீதான் அவகிட்ட சொன்னியா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. அக்கா சொன்னது ஞாபகம் வந்ததும் அதை விழுங்கிவிட்டேன்.

"ஆமாங்க சார். போட்டதும் நான், சொன்னதும் நான்."

"எங்க இருக்கா?"

"அது எனக்குத் தெரியும் சார். சொல்ல மாட்டேன்."

அவர் கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "உங்க அத்தா கடை வடலூர் பஸ் ஸ்டாண்டுகிட்டதானே?" என்று, ஊர் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

ராசு அண்ணன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு கவுண்ட்டருக்கு வெளியே வந்தார். "சார், இந்தக் கடையில கேமரா இருக்குது. நீங்க பேசினது அத்தினியும் ரெக்கார்ட் ஆயிகினு இருக்குது. அந்தப் பொண்ணோட அத்தாவுக்கு ஒண்ணு ஆனா, நான் இத எடுத்துகினு நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவேன். கெளம்புங்க."

அவர் எழுந்து போனார். பிறகு வரவேயில்லை. ஆனால் அன்று சாயங்காலமே அத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு வருடம்வரை அத்தாவோ தம்பியோ கடைக்கு வந்து என்னைக் கூட்டிப்போனார்கள். பின்னால் ஒரு பைக் வேகம் குறைத்தால் இன்றைக்கும் என் தோள்பட்டை இறுகும். அவர் ஒன்றும் செய்யவில்லை. செய்யாமலேயே இத்தனை பயத்தைக் கொடுத்துவிட்டார். அந்தப் பின்கட்டில் கஸ்தூரி அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. இப்போது அக்கா தன் மகளோடு இருக்கிறார். நன்றாக இருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முக்கியமான சாஃப்ட்வேர் எது என்று பட்டியல் போடுவதற்கு முன், இந்தத் திரைக்கு முன்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அவர்களையே கடைக்கு வரச் சொல்லுங்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்கள் வாயால் கேளுங்கள். பாஸ்வேர்டை அவர்களே அடிக்கட்டும், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். அந்தத் தாளில் எழுத முடியாத எதையும் போடாதீர்கள். ஆன்டிவைரஸ் வேண்டாம் என்று சொல்வதை நீங்கள் அனுமதிக்கும்போது, அனுமதி கொடுக்க நீங்கள் யார் என்று ஒருமுறை யோசியுங்கள்.

போன மாதம் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாம். பட்டியலை எழுதி முடித்ததும், சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். அவங்களைக் கூட்டிட்டு வாங்க, அவங்க எதிர்லயே போட்டுத் தரேன் என்றேன். அவர் சிரித்தார். கோபப்படவில்லை. லேப்டாப்பை மூடி, கையில் எடுத்துக்கொண்டு, "பரவால்லங்க, வேற எடத்துல பார்த்துக்கறேன்," என்று இறங்கிப் போனார்.

வேறு இடத்தில் போட்டிருப்பார்கள். அந்த மனைவியின் வீடு டவுன்ஷிப்பில் எந்த பிளாக்கில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.