அக்கா வைத்த பதின்மூன்று

திரையில் ஆறு சீட்டுகள் ஒன்றாகத் திறந்துகொண்ட அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஐந்து பேரும் மூன்று என்று வைத்திருந்தார்கள். ஒருவர் மட்டும் பதின்மூன்று. அவர், எங்கள் குழு எழுதும் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் அக்கா. செடெனாக் என்ற ஊரிலிருந்து தினமும் ஜொகூர் பாருவிலுள்ள எங்கள் அலுவலகத்துக்குக் காரோட்டி வருவார்.

ஒரு வேலைக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஓர் எண்ணைக் கவிழ்த்து வைக்கவேண்டும். பிறகு எல்லாம் சேர்ந்து திறக்கும்; அவற்றின் சராசரியை வைத்தே வேலைக்கு நாள்கள் ஒதுக்குவோம். பிளானிங் போக்கர் என்பார்கள். அடுத்தவரைப் பார்த்து யாரும் தன் எண்ணை மாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நாங்கள் பயன்படுத்தியது திறந்த மூல மென்பொருள், இலவசம். அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம்.

அன்றைய வேலை, தொழிற்சாலைப் பேருந்துகளுக்கான பயணப் பட்டியல். "ஒவ்வொரு ஃபேக்டரிக்கும் ஷிஃப்ட் வேற வேற லா. எல்லாத்தையும் பாக்கணும்" என்றார் அக்கா. மேலாளருக்குப் பொறுமையில்லை. கூட்டம் முடிந்ததும் குழுத் தலைவனான என்னைத் தனியே அழைத்து, அதிகபட்ச எண்ணைச் சராசரியில் சேர்க்காதபடி அந்தச் சீட்டு மென்பொருளின் நிரலைத் திருத்தச் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஒரே வரிதான்.

அடுத்த கூட்டத்தில் அக்கா, பேருந்துப் பட்டியலுக்குத் திரை காட்டிய சராசரியை உற்றுப் பார்த்தார். "கணக்கு இடிக்குதே தம்பி?"

"ஏதோ பிழை அக்கா, பாக்கிறேன்" என்றேன்.

சோதிக்கும் நாள்கள் குறைந்தன. பட்டியல் நடைமுறைக்கு வந்த முதல் காலையிலேயே பேருந்துகள் இடம் மாறிப் போயின. வேலைக்குப் போகவேண்டிய பெண்கள் மழையில் சாலையோரம் நின்றார்கள். சரிசெய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. அதில் ஒன்று அக்காவின் மகள் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய நாள். தேவாலயத்திலிருந்து வந்த படங்களைக் கைப்பேசியில் ஒருமுறை பார்த்தார். கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் உணவு இடைவேளையில் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் தம்பி" என்றார், கரண்டியைக் கீழே வைக்காமலே. "கோட் தொறந்துதானே கெடக்கு? அன்னிக்கே படிச்சேன். திருத்துனவங்க பேரும் இருந்துச்சு."

"அப்பவே ஏன் கேக்கலக்கா?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்."

அன்று மாலையே அந்த வரியை நீக்கினேன். ஆனால் அடுத்த கூட்டத்தில், எல்லாருக்கும் கடினம் என்று தெரிந்த ஒரு வேலைக்கு, அக்கா மூன்று வைத்தார்.

"இது பெரிய வேலையாச்சே அக்கா?"

"சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போச்சு தம்பி. நீங்க எல்லாரும் சொல்றதே இருக்கட்டும் லா."

மாதக் கடைசியில் விலகல் கடிதத்தை என் மேசையில் வைத்தார். இருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த முகத்தோடு சொல்வது? பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன்.