ஊசிக் காது தெரியாத மதியம்

தெருவே டெய்லரக்கா என்று கூப்பிடும் அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். சட்டை இறுக்குகிறது என்று யாராவது திரும்பி வந்தால், "துணி சுருங்கல, நீதான் ஊதிட்ட" என்பாள். அப்பேர்ப்பட்டவளை ஏழாம் மாதத் தொடக்கத்திலேயே ரத்தக்கொதிப்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திவிட்டது. இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை.

டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "குழந்தையோட நுரையீரலுக்கு ஊசி போட்டாச்சு. பிரஷருக்கு மாத்திரை தர்றோம். உள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் அதுக்கு லாபம். ஆனா தலைவலி, கண்ணு மங்கல், மேல்வயித்து வலி, எது வந்தாலும் உடனே சொல்லணும். அப்ப காத்திருக்க முடியாது, எடுத்துடணும்."

அவள் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது. சொன்னால்தானே எடுப்பார்கள்? என்ன கணக்கு பாருங்கள். தலை விண்விண்ணென்று தெறித்தபோதும் நர்ஸிடம், "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றாள்.

துணைக்கு இருந்தவள் கணவனின் அக்கா. இருவருக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம்.

மதியம் டெய்லரக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பிள்ளைக்குச் சட்டை தைக்க ஆரம்பித்தாள். கண்முன் மின்மினி பறந்தது. நூல் ஊசிக் காதைத் தாண்டித் தாண்டிப் போனது.

"என்னடி, ஊசி தெரியலையா?"

"வெளிச்சம் போதல, அண்ணி."

"இருட்டுல நூல் கோக்கிறவ நீ. யாருகிட்ட கதை விடுற?"

அவள் உடைந்துபோனாள். "யாருகிட்டயும் சொல்லாதீங்க அண்ணி. இன்னும் கொஞ்ச நாள் உள்ள இருக்கட்டும்."

"நீயே போயிட்டா அது எங்கடி இருக்கும்?" என்றபடி நாத்தனார் நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

வலிப்பு வராமலிருக்க மருந்து ஏற்றினார்கள். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது டெய்லரக்கா நாத்தனாரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெண் குழந்தை, இரண்டு கைக்குள் அடங்கிவிடும் அளவு. பல நாள் கண்ணாடிப் பெட்டியில் மூக்கில் குழாயோடு கிடந்தவள், ஒரு காலையில் தானாக மூச்சுவிட்டாள். அன்றுதான் அவளைத் தாயின் நெஞ்சில் படுக்க வைத்தார்கள்.

நாத்தனார் அந்த அரைகுறைச் சட்டையை எடுத்து நீட்டினாள். இந்த முறை டெய்லரக்கா கோத்த நூல் ஒரே தடவையில் ஊசிக் காதுக்குள் போனது. "நீங்க போய்ச் சொல்லலன்னா நாங்க ரெண்டு பேருமே இல்ல, அண்ணி."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டையைப் பிள்ளைமேல் வைத்துப் பார்த்தாள். "என்னடி அளவு இது, இதுக்குள்ள நாலு பிள்ளை போகும்."

"துணிமேல குத்தமில்ல. இவதான் ஊதணும்."

இருவரும் சிரித்த சத்தத்தில் பிள்ளை சிணுங்கியது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.