சிறிது என்றால் எவ்வளவு?

ரோசம்மா சிஸ்டர் மறைந்த செய்தி ஓர் அஞ்சலட்டையில் வந்தது. புளியரையிலிருந்து அவருடைய தம்பி எழுதியிருந்தார்: 'சிறிது காலம் நோயுற்றிருந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.' அடக்கம் முடிந்து நான்கு நாளாகியிருந்தது. அட்டையை என் மனைவி செண்பகம் வாங்கிப் படித்தாள். கண்ணைத் துடைப்பதற்கு முன்பே கேட்டாள்: "சிறிது காலம்னா எவ்வளவாம்?"

தென்காசி, கடையம், பாவூர்சத்திரம் பக்கத்தில் அவர் கையால் பிள்ளை பெற்றவர்களுக்கு இந்தக் கேள்வி யாருடையது என்று தெரியும். அது என் வீட்டுக்கு எப்படி வந்தது என்பது அவர்களுக்கும் தெரியாது.

செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது ஒரு மலையும் ஒரு ரயில் நிலையமும் சில கோப்புகளும் பிரசவ நர்ஸான சிஸ்டரும் எங்களுக்குக் கிடைக்க வேண்டியிருந்தன. கோப்புகள் வந்து சேரவில்லை. சிஸ்டர் வந்தார். நான் அப்போது தென்காசி சுகாதார அலுவலகத்தில் எழுத்தர். மற்றவர்கள் எழுதும் அறிக்கைகளைத் திருத்துவது என் வேலை. கடையத்தில் தாம் பார்த்த ஒரு பிரசவத்தைப் பற்றி 'இரண்டு பகல் கஷ்டப்பட்டாள்' என்று எழுதியிருந்தார். நான் அதை 'சற்றுக் கடினமான பிரசவம்' என்று மாற்றினேன். மறுநாள் தாளோடு வந்து என் மேசைமுன் நின்றார்.

"சாரே, இந்த 'சற்று' ஆருடையது?"

"என்னுடையதுதான்."

"அப்ப நீங்களே வச்சுக்கிடுங்க. பெத்தவ படிச்சான்னா என்னைய அடிக்க வருவா."

அந்தச் சொல்லை நானே அடித்தேன். அதன் பிறகு பல ஆண்டுகள் எதையும் கற்றுக்கொள்ளாமல் இருந்தேன்.

அறுபதுகளின் நடுவில் கருத்தடைக்கான லூப் வந்தது. அதைப் பற்றிய ஆங்கிலத் துண்டுப்பிரசுரத்தைத் தமிழாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. 'முதல் சில மாதங்களில் சிறிது இரத்தப்போக்கு இருக்கலாம். அஞ்ச வேண்டியதில்லை' என்று எழுதினேன். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதாக அன்று எனக்கு ஒரு திருப்தி இருந்தது. ஊழியர் குடும்பங்கள் முன்மாதிரியாக நடக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். எங்களுக்கு மூன்று குழந்தைகள். செண்பகத்தை முதல் ஆளாக அனுப்பினேன். அவளிடம் கேட்டேனா என்று நீங்கள் கேட்கலாம். தெரிவித்தேன்.

சிஸ்டர் வரிசையில் நிற்கும் பெண்களிடம் பேசுவதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். தறிக்காரத் தெருவிலிருந்து வந்த பாத்திமா ஒருநாள், "ஏ சிஸ்டர், இது நெஞ்சுக்கு ஏறிருமாம்லா?" என்று கேட்டாள்.

"ஏறுறதுக்கு அதுக்கு ஆருட்டி டிக்கெட் எடுத்துக் குடுத்தது?"

வரிசை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் குரலைத் தணித்து ஒவ்வொருத்தியிடமும் ஒன்றைச் சொல்வார்: "ஒத்துக்கலைன்னா வா. எடுத்துரலாம். போடுற அன்னைக்கே எடுக்கதையும் சொல்லிரணும்." என் பிரசுரத்தில் எடுப்பதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஆங்கிலத்தில் இல்லை என்பதால் தமிழிலும் இல்லை.

செண்பகத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் மாதம், "எனக்கு நிக்கவே மாட்டேங்குது" என்றாள். நான் பிரசுரத்தை எடுத்து அந்த வாக்கியத்தை வாசித்துக் காட்டினேன்.  மூன்றாம் மாதம் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். சரியாகிவிட்டது போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு சிஸ்டர் அலுவலகத்துக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். வழக்கமாக உட்காரமாட்டார்.

"சாரே, சிறிதுன்னா எவ்வளவு?"

பொருள் சொல்ல ஆரம்பித்தேன்.

"பொருளு எனக்குத் தெரியும். எத்தனை துணி? ஒரு நாளைக்கு எத்தனை துணின்னா அது சிறிது?"

மேசையிலிருந்த பிரசுரத்தைப் புரட்டினேன்.

"உங்க வீட்டம்மா ஒரு நாளைக்கு ஏழு துணி மாத்துதா. முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு. நேத்து என்கிட்ட வந்தா, நடந்து வரலை, செவத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தா. கொடியில நீங்க பாத்ததே இல்லையா?"

"இல்லை."

"சேலைக்கு அடியில மறைச்சுக் காயப்போடுதா, நீங்க பாக்கக்கூடாதுன்னு. நீங்களும் பாக்கலை. ரெண்டு பேரும் ஒழுக்கமாத்தான் இருந்திருக்கீங்க."

லூப்பின் முனையில் ஒரு நைலான் நூல் தொங்கும். அதைப் பிடித்து இழுத்தால் லூப் வந்துவிடும். செண்பகத்துக்கு அந்த நூல் உள்ளே ஏறிவிட்டது, சிஸ்டரின் கைக்கு எட்டவில்லை. கருவி வைத்து டாக்டரம்மாதான் எடுக்க வேண்டும். அவர் அடுத்து வருவது குற்றாலத்தில் நடக்கவிருந்த முகாமுக்கு, ஒன்பது நாள் கழித்து. திருநெல்வேலிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். "பஸ்ல உக்காந்து வர என்னால ஆகாது. இங்கனயே கெடக்கேன்" என்றாள் செண்பகம். எப்படிப்பட்ட மனுவும் எழுதத் தெரிந்தவன் நான். யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை. சிஸ்டர் தினமும் ஏதோ மாத்திரையோடும் முருங்கைக்கீரையோடும் வந்துபோனார். நான் வாசலில் எழுந்து நின்று வழிவிட்டேன். அந்த ஒன்பது நாளில் நான் செய்ததாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

முகாம் சாரல் காலத்தில் நடந்தது. தலையில் எண்ணெய் வழிய அருவிக்குப் போகிறவர்களைப் பிடித்து நிறுத்தி அறிவூட்டலாம் என்று யாருக்கோ தோன்றியிருந்தது. ஒரு கூடாரம், அதன் வாசலில் மேடை, மேடையில் மைக். மைக்கில் நான். வில்வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்த செண்பகத்தை முதல் ஆளாக உள்ளே கொண்டுபோனார்கள். லூப் போட்டுக்கொள்ள வந்தவர்கள் வெளியே வரிசையில் நின்றார்கள். நான் பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். மேலதிகாரி நாற்காலியிலிருந்து கையசைத்தார். அவரைத் தெரியாதவன் போல வேறு பக்கம் பார்த்தேன்.

கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு சிஸ்டர் வந்தார். கையெல்லாம் ஈரம்.

"பேசுங்க சாரே."

"எப்படிப் பேசுவது?"

"நூலு கிட்டலை. தேடி எடுக்கணும். வலிக்கும், சத்தம் வரும். வெளிய ஆம்பளைங்க நிக்காங்களேன்னு அவ வாயைப் பொத்திக்கிட்டுக் கெடக்கா. நீங்க பேசினா அவ கத்திக்கிடுவா. நிறுத்திராதீங்க."

பேசினேன். பிரசுரத்தை முதலிலிருந்து வாசித்தேன். 'எளிய முறை. வலியில்லாதது' என்று வாசித்தபோது பின்னாலிருந்து முதல் சத்தம் வந்தது. குரலை உயர்த்தினேன். 'சிறிது' என்ற இடம் வந்தது. அங்கே நின்றுவிட நினைத்தேன். நின்றால் அவள் சத்தத்தை அடக்க வேண்டும். அதையும் வாசித்தேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நான்கு முறை வாசித்தேன். என் ஊக்கத்தைப் பார்த்து மேலதிகாரி கைதட்டினார். எதிரே நின்றவர்களும் தட்டினார்கள். என் வாழ்நாளில் நான் பேசிய பேச்சுகளில் யாருக்காவது பயன்பட்டது அது ஒன்றுதான். அதில் ஒரு சொல்லும் உண்மையில்லை.

சிஸ்டர் மறுபடி வந்து தலையசைத்ததும் நிறுத்தினேன். கையிலிருந்த எனாமல் தட்டை என் பக்கம் சாய்த்தார். வெள்ளைப் பிளாஸ்டிக், இரண்டு மூன்று வளைவு, அவசரத்தில் போட்ட கையெழுத்து மாதிரி இருந்தது.

"பாத்துக்கிடுங்க சாரே. இதுதான் சிறிது."

உள்ளே செண்பகம் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் நின்றேன். கண்ணைத் திறக்காமலே, "தொண்டை வறண்டுபோச்சா? தண்ணி குடிங்க" என்றாள்.

பிரசுரம் அடுத்த முறை அச்சாகும்போது 'சிறிது' என்பதை நீக்கி அனுப்பினேன். அச்சாகி வந்தபோது அது பழைய இடத்திலேயே இருந்தது. மேலே யாரோ மொழியறிந்தவர் சேர்த்திருக்க வேண்டும். கட்டுகளைச் சிஸ்டரிடம் கொடுத்து, என்னால் ஆனது இவ்வளவுதான் என்றேன். அவர் ஒரு பிரதியில்கூட அதை விட்டுவைக்கவில்லை. அத்தனையிலும் அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் 'எத்தனை துணி என்று என்னிடம் வந்து சொல்லவும்' என்று எழுதித்தான் கொடுத்தார். உங்கள் வீட்டில் எங்காவது அது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். கோணல் எழுத்து, நீல மை.

அஞ்சலட்டை வந்த மறுநாள் நானும் செண்பகமும் செங்கோட்டைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து புளியரைக்குப் போனோம். தம்பி நல்ல மனிதர், காப்பி கொடுத்தார். சிறிது காலம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார்.

"எண்பத்தாறு நாள். வயித்துல கட்டி. கடைசிப் பத்து நாள் தண்ணிகூட எறங்கலை."

"வலி எவ்வளவு இருந்ததாம்?" என்று கேட்டாள் செண்பகம்.

அவர் காலித் தம்ளர்களை எடுத்து அடுக்கினார். "சேச்சி சொல்லலை. நாங்களும் கேக்கலை. அவங்கதான எல்லாரையும் கேக்குதவங்க."

தென்காசியிலிருந்து புளியரைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த எண்பத்தாறு நாளும் நான் இங்கேதான் இருந்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு கேள்வி. அதை எப்போது கேட்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு வாய்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அஞ்சலட்டையை எடுத்து 'சிறிது காலம்' என்பதை அடித்தேன். அதன்மேல் 'எண்பத்தாறு நாள்' என்று செண்பகம் எழுதினாள்.