பெரிய எழுத்து மரியாதை

குடிநீர் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எதுவானாலும் டெஸ்பாட்ச் அக்கா கைப்படத்தான் வெளியே போகும். பதினெட்டு வருஷ சர்வீஸ். இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. பெரிய எழுத்து விஷயத்தில் மட்டும் அக்காவுக்குத் தனிச் சட்டம்: மதிப்புள்ளதெல்லாம் பெரிய எழுத்து. மேனேஜர், தண்ணீர், பம்பு, பைப்பு எல்லாமே பெரிய எழுத்தில்தான் தொடங்கும். ‘நான்’ என்று சொல்கிற அந்த ஒற்றை ‘ஐ’யை மட்டும் அடக்கமாகச் சின்னதாக எழுதி, தலையில் ஒரு புள்ளி வைத்துவிடுவாள்.

கோபம் வந்தால் மரியாதையும் இறங்கும். ஒருமுறை இன்ஜினியர் கடிதத்தைப் பார்த்துவிட்டு வந்து நின்றார். “என்னக்கா, இந்த வாரம் என்னைச் சின்ன எழுத்தாக்கிட்டீங்க?”

“போன வாரம் என் ஃபைலைத் தொலைச்சது யாரு?”

புது மேனேஜரம்மா வந்ததும் முதல் கடிதமே பதினேழு சிவப்பு வட்டத்தோடு திரும்பியது.

“பேருக்கும் வாக்கியத்தோட ஆரம்பத்துக்கும் பெரிய எழுத்து போதும். தண்ணிக்கு எதுக்கு?”

“தண்ணி இல்லேன்னா நம்ம ஆபீஸே இல்லையே, மேடம்?”

மேனேஜரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “சரி, ‘ஐ’ ஏன் சின்னதா இருக்கு? அது எங்க வந்தாலும் பெரிசாத்தான் எழுதணும்.”

“மேனேஜரைச் சின்னதாக்கிட்டு என்னைப் பெரிசா போட்டுக்கறதா? கூச்சமா இருக்கு மேடம்.”

வீட்டில் சொல்லிப் பொருமினாள். பஸ் டிரைவரான கணவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “இங்க மட்டும் என்ன, நான் சின்ன எழுத்துதானே?” என்றார்.

அந்த மாதமே செக்ஷன் தலைவர் பதவி காலியானது. மேனேஜரம்மா விண்ணப்பத் தாளை நீட்டினார். “எழுதுங்க. பெரிய ‘ஐ’யோட.”

நான் இதைச் செய்தேன், நான் அதைக் கவனித்தேன் என்று எழுத எழுத அக்காவுக்கு வியர்த்துக் கொட்டியது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டாள். நாலாவதில் பன்னிரண்டு ‘ஐ’, மின்கம்பம் மாதிரி விறைப்பாக நின்றன. இத்தனை வேலையையும் நாமா செய்தோம்? அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மனசு மாறுவதற்குள் ஓட்டமும் நடையுமாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டு மாதத்தில் பதவி வந்தது. பாராட்ட வந்த இன்ஜினியர், கையோடு ஓர் ஆங்கிலக் குறிப்பையும் நீட்டினார். அக்கா புதுச் சிவப்புப் பேனாவைத் திறந்து, அதிலிருந்த மூன்று சின்ன ‘ஐ’க்கும் வட்டம் போட்டாள்.

“உட்காருங்க தம்பி. திருத்தி எழுதிக் கொடுத்துட்டுப் போங்க.”