ஒருநாள் முந்திய பெருநாள்

திற்பரப்புக்குப் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் புதுச்சட்டை போட்டிருந்தார். அத்தர் மணத்தது. மடியில் ஒரு தூக்குவாளி. பேச்சுக்கு நடுவே அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

“பெருநாள் நாளைக்கு இல்லியா?” என்றேன்.

“ஊருக்கு நாளைக்கு, சாரே. பிறையைக் கணக்குப் போட்டுப் பாத்தா இண்ணைக்குத்தான். பெருநாளில நோன்பு வைக்கப்பிடாது. நோன்புக்காரங்க முன்னால இருந்து தின்னவும் மனசு வரல்ல. அதான் அருவிக்குப் போறேன்.”

“பிறையைக் கண்ணால பாக்கணும்னு சொல்லுவாங்களே?”

“பள்ளிவாசல்ல தொழுகை நேரத்துக்கு அட்டவணை தொங்குது. முன்ன நிழலை அளந்துதான் நேரம் பாத்தாங்க; இப்ப யாரு வெளிய போயி அளக்கா? பிறைக்கு மட்டும் கணக்கு ஆகாதாம்.”

“வீட்டுல என்ன சொல்லுதாங்க?”

“அவ நோன்பு. உப்பு பாக்காமலே பிரியாணி ஆக்கித் தந்தா.”

அருவிக்கரையில் எனக்கும் கொஞ்சம் வைத்தார். உப்பே இல்லை. அவர் ருசித்துச் சாப்பிட்டார்; நானும் மிச்சம் வைக்கவில்லை.

“இந்தப் பிறைக் கணக்கை இருவது வருஷமாச் சொல்லிப் பாத்தாச்சு. வீட்டுல உள்ளவ கூட வரல்ல. இனி யாரு வரப்போறா?”

கைகழுவிவிட்டு வந்தவர், “பெருநாளைக்கு ஒரு ஆளையாவது கட்டிப்பிடிக்கணும்” என்று என்னை இறுகக் கட்டிக்கொண்டார். நான் எந்த மதம் என்று அவர் கேட்கவேயில்லை. கேட்டு இனி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பார்.